வள்ளிக்கு ஒத்திகை கிடையாது

முருகனுக்கு அப்போது ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. பெண் தேவேந்திரன் மகள். இடம் திருப்பரங்குன்றம். மாப்பிள்ளை சூரபத்மனை முடித்துவிட்டு வந்த சேனாதிபதி. யாரும் குறை சொல்ல முடியாத சம்பந்தம். அதற்குப் பிறகு மனிதர் திருத்தணியில் போய் அமைதியாக இருந்தார். அங்கே நாரதர் வந்து சேர்ந்தார். நாரதர் ஒரு வீட்டுக்கு வந்து, சௌக்கியம் விசாரித்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போனதாக எந்தப் புராணத்திலும் கிடையாது. வள்ளிமலையில் ஒரு தினைப்புனம், அதில் பரண்மேல் நின்று கிளி விரட்டும் ஒரு வேடர்குலப் பெண் என்று அவர் ஆரம்பித்ததுதான் தாமதம். தேவசேனாபதி வேலை ஓரமாகச் சாத்திவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போட்டது வேடன் வேஷம். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் பெண்ணின் அப்பா நம்பிராஜன் ஆள் படையோடு வந்துவிட்டார். ஆறு முகம், பன்னிரண்டு கை, சூரனை இரண்டாகப் பிளந்த வேல் எல்லாம் இருந்தும் நம்மாள் என்ன செய்தார்? மரமாகி நின்றுகொண்டார். பெண்ணின் அப்பாவைக் கண்டதும் மரமாகிப் போனவர்கள் நம்மில் பலர் உண்டு. வேங்கை மரமாகவே ஆனவர் இவர் ஒருவர்தான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று கூட வந்தவர்கள் நியாயமாகவே சந்தேகப்பட்டு அதை வெட்டப் பார்த்தார்கள். மகளுக்கு நிழலாக இருக்கட்டும் என்று நம்பிராஜன் விட்டுவிட்டார். தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு ஏமாந்த மாமனார் வேறு யாரும் இல்லை.

வேடன் பலிக்கவில்லை, மரம் பேச முடியாது. அடுத்தது கிழவன். தாத்தாவுக்குப் பசி என்றதும் தேனும் தினைமாவும் கொடுத்தாள். தாகம் என்றதும் சுனையைக் காட்டினாள். மூன்றாவதாகத் தாத்தா கேட்டதைக் கேட்டுப் பெண் முறைத்தாள். அப்போதுதான் அண்ணனை நினைத்தார். அண்ணன் யானையாக வந்து நின்றார். பயந்துபோன பெண் கிழவனையே கட்டிக்கொண்டாள். இன்றைக்கு இப்படி நடந்தால் அண்ணன் தம்பி இருவரும் மகளிர் காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடியது, பெண் வீட்டார் வில்லோடு துரத்தியது, சேவல் ஒரு கூவு கூவ மாமனார் மச்சான்கள் மொத்தமாகச் செத்து விழுந்தது, நாரதர் வந்து எடுத்துச் சொன்ன பிறகு வள்ளி எல்லோரையும் எழுப்பியது. மாமனாரை முதலில் சாய்த்து, பிறகு உயிர் கொடுத்து, அதன் பின் முறைப்படி பெண் கேட்ட ஒரே மாப்பிள்ளை நம் தமிழ்க் கடவுள்தான்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியார் இதையெல்லாம் உருகி உருகித்தான் எழுதினார். கோயிலில் உட்கார்ந்து கேட்கிற யாரும் சிரிப்பதில்லை. அதே கதையை மேடையில் ஏற்றினால் மட்டும் ஊரே சிரிக்கிறது. இந்த வேலையைச் செய்தவர் சிரிக்கவே சிரிக்காத ஒரு மனிதர் என்பதுதான் வேடிக்கை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். கொஞ்ச காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். அங்கேயே இருந்திருந்தால் ஓய்வுபெற்று, சுகமாக இருந்து, யாருக்கும் தெரியாமல் போயிருப்பார். இருபத்து நாலு வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார். வேஷமெல்லாம் எமன், இராவணன், சனீஸ்வரன் வகைதான். எமனாக அவர் வருவதைப் பார்த்துச் சபையில் இருந்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்று ஒரு கதை. விடிகாலையில் சனீஸ்வரன் வேஷத்தோடு குளக்கரைக்குப் போக, அங்கே இருந்த பெண் பயத்திலேயே உயிரை விட்டாள் என்று இன்னொரு கதை. அதிலிருந்து அரிதாரம் பூசுவதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார் என்பார்கள். நடித்தால் ஆள் சாகிறது என்றால் வாத்தியாராகப் போவதுதானே முறை.

எழுதினார் பாருங்கள். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சதி சுலோசனா, சத்தியவான் சாவித்திரி என்று ஐம்பது வரை எண்ணுகிறவர்களும் உண்டு, அதற்கு மேல் எண்ணுகிறவர்களும் உண்டு. வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை, பார்ஸி கம்பெனிகள் கொண்டுவந்த வடக்கத்தி மெட்டு, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். நாலு மணி நேரம் நடக்கும் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, அதில் அபிமன்யுவாக நடித்த டி.கே. சண்முகம் எழுதியிருக்கிறார். நம்மில் பலருக்கு வாடகை ஒப்பந்தம் எழுதவே மூன்று நாள் ஆகிறது.

ஆனால் அவருக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. நடிகர்கள். இவர் யாப்பு பார்த்து, சந்தம் பார்த்து, எதுகை மோனை குறையாமல் கோத்துக் கொடுத்த வசனத்தை அவர்கள் மேடையில் பேசவில்லை. மனசுக்குத் தோன்றியதைப் பேசினார்கள். கைத்தட்டல் வந்தால் அதையே நீட்டினார்கள். ‘ஒன்ஸ்மோர்’ என்று யாராவது கத்தினால், செத்துக் கிடந்த பாத்திரம் எழுந்து பாடிவிட்டு மறுபடியும் போய்ச் செத்தது. நேரத்துக்கு வருவது கிடையாது. வந்தாலும் எந்த நிலையில் வருவார்கள் என்பது அந்தந்த ஊர்க் கள்ளுக்கடையின் தயவு.

சென்னையில் இந்தக் கூத்துகளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் சின்ன வயதில் தமக்குத் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு என்று தம் நினைவுகளில் எழுதியவர். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் வேஷம் கட்ட வைத்து, பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டினார். சுவாமிகளுக்கு வக்கீல் கிடைக்கவில்லை. அவர் பையன்களைப் பிடித்தார்.

பெரியவன் சொன்ன பேச்சு கேட்கமாட்டான், சின்னவன் கேட்பான். இவ்வளவுதான் பாய்ஸ் கம்பெனியின் தத்துவம். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற, பையன்களால் வாய்விட்டுச் சொல்லவே முடியாத பெயரில் ஒரு சபை தொடங்கினார். ஆறு வயதுச் சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அதில் சேர்ந்தார்கள். விடியுமுன் எழுப்பிப் பாடம். தப்பினால் பிரம்பு. ஒரு எழுத்து மாறக்கூடாது. வள்ளியாக வரும் பையன் வள்ளியாகவே நடந்தான், பேசினான், ஒருநாள் காலையில் மகரக்கட்டு வந்து குரல் உடையும் வரைக்கும். நேற்று இரவு பரணில் நின்று கொஞ்சிய வள்ளி, அடுத்த மாதம் மீசை ஒட்டி நம்பிராஜன் பின்னால் ஈட்டி பிடித்து நின்றாள். இந்தக் கம்பெனிகளில் அடி வாங்கித் தப்பிப் பிழைத்தவர்கள்தான் பிறகு சினிமாவையும், கொஞ்சம் கழித்து ராஜ்யத்தையும் ஆண்டார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சோற்றுக்காகச் சேர்ந்த எம்.ஜி.ஆர். ஓர் உதாரணம்.

சுவாமிகள் கடைசியில் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய், 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அடுத்த வருஷமே அந்தப் பேச்சு கேளாத பெரியவர்கள் எல்லாம் சேர்ந்து மதுரையில் சங்கம் வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் 1923-ல் பிறந்தது. வாத்தியார் வகுப்பை விட்டுப் போனதும் பையன்கள் போடும் சத்தம் மாதிரி அது இன்றுவரை ஓயவில்லை.

அவர்கள் போடுவதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு ஏஜெண்டைப் பிடிப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், டான்ஸ் ஓர் ஊர், ஹார்மோனியம் பின்பாட்டு இன்னோர் ஊர் என்று தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து, எல்லோர் போட்டோவும் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள். அவரவர் தகரப் பெட்டியோடு அவரவர் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். முருகனும் வள்ளியும் மேக்கப் போடும்போதுதான் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். சில நாள் அதுகூட இல்லை. நேரே தினைப்புனத்தில்தான் சந்திப்பு. பெண் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் நம் சமூகத்தில் இதைவிட யதார்த்தமான நாடகம் எது?

கதை தெரியும், பாட்டு தெரியும், சீன் வரிசை தெரியும். எதிராளி என்ன கேட்பார் என்பது மட்டும் தெரியாது. தர்க்கம் என்று இதற்குப் பெயர். நாரதர் வள்ளியிடம் கேட்பார், வள்ளி முருகனிடம் கேட்பாள். மானைக் காணோம் என்று வருகிறவனிடம் அது எப்படிப்பட்ட மான், கொம்பு உண்டா, அடையாளம் என்ன என்று ஆரம்பித்து, சைவ சித்தாந்தம், குறளுக்கு உரை, கடைசி எலெக்ஷன் வரைக்கும் போகும். நான் பார்த்த ஒரு வள்ளி கேட்டது:

“ஏன்யா, ஒங்களுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்காங்களாமே. அவங்கட்ட சொல்லிட்டுத்தான் வந்தீகளா?”

முருகன் பதில் தேடி ஹார்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் ஒரு சுருதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். பெண்கள் பகுதியிலிருந்து எழுந்த சிரிப்பு அடங்கச் சில நிமிஷம் ஆயிற்று. “சொன்னா விடுவாளா தாயி?” என்று முருகன் ஒருவழியாகச் சொன்னதற்கு ஆண்கள் பகுதியிலிருந்து விசில். இதைச் சுவாமிகள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது அன்றைக்கு மட்டுமே வேலை செய்திருக்கும்.

அந்த ஹார்மோனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய சங்கீதத்துக்கு ஆகாத அந்நிய வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடை போட்டு 1971 வரை உள்ளே விடவில்லை. டெல்லியில் போட்ட தடை மணப்பாறைக் கொட்டகைக்கு வந்து சேரவே இல்லை. மேடையில் இன்றைக்கும் உண்மையான டைரக்டர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான். யார் வசனம் மறந்தாலும் பாட்டை எடுத்துக் கொடுத்து இழுத்துக்கொண்டு போவார். அவரைப் பகைத்துக்கொண்டவருக்கு அரைக்கட்டை ஏற்றி வைத்து ஊர் முன்னால் தொண்டை கிழிய வைப்பார்.

சுருதி என்றதும் செங்கோட்டை கிட்டப்பாவைச் சொல்லாமல் நகர முடியாது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் அப்பால், டிக்கெட் வாங்காமல் வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கும்படி பாடியவர். 1926 வாக்கில் இலங்கையில் கொடுமுடி சுந்தராம்பாளோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கினார். அந்த அம்மாளோடு ஜோடி போட்டுத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவரைச் சிலர் எச்சரித்ததாகச் சொல்வார்கள். அவர் வேலன், இவர் வள்ளி. மேடையில் ஆரம்பித்த தர்க்கம் கீழே இறங்கியும் முடியாமல் 1927-ல் கல்யாணத்தில் போய் நின்றது. வேலனுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார் என்பதைக் கந்தபுராணம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புராணம் போலச் சுபமாக முடியவில்லை. 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் கிட்டப்பா போய்விட்டார். இருபத்தைந்து வயது சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றார். சினிமாக்காரர்கள் விடவில்லை. 1935-ல் லட்ச ரூபாய் கொடுத்து அவரையே ஆணாக்கி, நந்தனாராக நடிக்க வைத்தார்கள். அந்த லட்சத்துக்கு அன்றைக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட வேண்டாம், ராத்திரி தூக்கம் வராது.

முருகனுக்கு அடுத்து வந்த தொல்லை போலீஸ். விசுவநாததாஸ் வேலனாக வரும் நாளில் தினைப்புனத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு பறக்கும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. தினையைக் கொத்தித் தின்ன எங்கிருந்தோ வந்த வெள்ளைப் பறவை எது என்பது கூட்டத்துக்கும் புரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் புரியும். கொக்கைக் கொக்கு என்று பாடியதற்கு எந்தச் சட்டப்படி வழக்குப் போடுவது? போட்டார்கள், பல தடவை. மேடையிலிருந்து சிறைக்கும் சிறையிலிருந்து மேடைக்குமாகவே வாழ்ந்தார் மனிதர். அவர் பிறந்த மருத்துவர் சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடி சேர மறுத்த ஸ்திரீபார்ட்டுகளும் இருந்தார்கள். வேடர் வீட்டுப் பெண்ணைத் தேவலோகத்து மாப்பிள்ளை கட்டும் கதையை விடிய விடிய நடித்துக்கொண்டேதான் இதையும் செய்தார்கள். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. இதில் வேடிக்கை பண்ண எனக்கு ஒன்றும் இல்லை.

சினிமா வந்தது, நாடகத்துக்குச் சங்கு என்றார்கள். 1933-லேயே வள்ளி திருமணம் படமாக வந்துவிட்டது. 1945-ல் ஏவி.எம். எடுத்த ‘ஸ்ரீ வள்ளி’யில் டி.ஆர். மகாலிங்கம் முருகன். கதாநாயகி ருக்மிணியின் பாட்டுக் குரலை எடுத்துவிட்டுப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். 1961-ல் மறுபடியும் ‘ஸ்ரீ வள்ளி’. இந்தத் தடவை சிவாஜி முருகன், மகாலிங்கம் நாரதர். பதினாறு வருஷத்தில் மாப்பிள்ளை தரகராகிவிட்டார். படங்கள் ஓடி முடிந்து பெட்டிக்குள் போய்விட்டன. பாய்ஸ் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. ஸ்பெஷல் நாடகக்காரர்கள் மட்டும் தகரப் பெட்டியோடு பஸ் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். ஒரு குளிர்சாதன அரங்கில் வள்ளி திருமணத்தை ‘மீட்டெடுத்து’ப் போடுகிறார்கள் என்று அழைப்பிதழ் வந்தது. அழகான தாளில் அச்சு. வரவேற்புரை, சிறப்புரை, சிறப்புரைக்கு நன்றியுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து திரை விலகியபோது, கிராமமாக இருந்தால் பபூன் வந்து பாதிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தும் மீதிக் கூட்டத்தைத் திட்டியும் முடித்திருப்பார். இங்கே பபூனே இல்லை. ஆபாசம் என்று எடுத்துவிட்டார்களாம். டான்ஸும் இல்லை. இரட்டை அர்த்தம் இல்லாமல் நேரடி அர்த்தத்தில் மட்டுமே எல்லோரும் பேசினார்கள். விடிய விடிய நடக்கிற நாடகம் இரண்டு மணி நேரத்தில் முடிந்து, காரை எடுக்க எல்லோருக்கும் நேரம் கிடைத்தது.

குறை சொல்ல மாட்டேன், பாட்டு பிரமாதம். வள்ளியாக வந்த பெண் முறையாகச் சங்கீதம் படித்தவர். விருத்தம் பாடும்போது ராகம் மாறி மாறி வந்த அழகில் நான் நிஜமாகவே அசந்துவிட்டேன். ஆனால் தர்க்கம் வந்ததும் உட்கார முடியவில்லை. கேள்வி முடியும் முன்பே பதில் தயாராக நிற்கிறது. முருகன் திணறவே இல்லை. கடவுளாகவே இருந்தாலும் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் திணற வேண்டும் ஐயா. பக்கத்தில் இருந்தவர் கையில் சுவாமிகளின் அச்சுப் புத்தகம். வரி வரியாக விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து மாறவில்லை என்று கடைசியில் திருப்தியாகச் சொன்னார்.

சுவாமிகள் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது இதற்குத்தான். ஒத்திகை பார்த்த நடிகர்கள், நேரத்தில் தொடக்கம், எழுத்து பிசகாத வசனம், சாராய வாடை இல்லாத முருகன். நூறு வருஷம் கழித்து அவர் கனவு நிறைவேறியது. அந்தக் கனவில் அரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பது கஷ்டமாக இருந்தது. அவர் பிரம்பை எடுத்துத் துரத்தினாரே, அந்த அடங்காத கூட்டம்தான் அவருடைய பாட்டை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் இன்றுவரை பிழைக்க வைத்திருக்கிறது. மரியாதை தெரியாதவர்கள் கையில் இருந்ததால்தான் வள்ளி இன்னும் கிழவியாகவில்லை. மீட்டெடுக்கும் புண்ணியவான்கள் நடிகர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, புத்தகத்தை மட்டும் பூட்டி வைத்தால் போதும்.

நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கம் எந்த ஊரில் அம்மன் கொடை, முளைப்பாரி என்றாலும் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பாருங்கள். டிக்கெட் கிடையாது. எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டு அவமானப்பட வேண்டாம். ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய், ஹார்மோனியம் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். பபூன் உங்கள் சட்டையைப் பற்றி ஏதாவது சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பத்து ரூபாயோ நூறு ரூபாயோ அன்பளிப்புக் கொடுத்தால் மைக்கில் உங்கள் பெயரைத் தப்பாகச் சொல்வார்கள், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்குவார்கள், நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். வள்ளி முருகனை வாயடைக்கும் கட்டம் மூன்று மணிக்கு மேல்தான் வரும்.